தெர்மோஸ்டாட்டின் மணிக்கூடு

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் பிராண்டேயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுச் சுவரில், குறித்த நேரத்துக்கு வீட்டின் சூட்டை ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று இருந்தது. தொழிற்சாலையிலிருந்து நான் திரும்பும் ஐந்து மணிக்கு ஏறவும், பத்து மணிக்கு இறங்கவும் அதை வைத்தேன். ஆனால், வந்து தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஆறத் தொடங்கிவிடும். பழுதான சாமானைச் சுவரில் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்று ஒரு கிழமையாக ஏசினேன்.

என்னோடு தங்கியிருந்த அண்ணை அதன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதில யாழ்ப்பாண நேரமெல்லே ஓடுது!”

அதன் நேரத்தை என் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்; இங்கே ஐந்தரையாகும்போதே அதில் பத்தாகியிருக்கிறது. மனைவி யாழ்ப்பாணத்திலேயே இருந்ததால் கையில் இருந்ததை டென்மார்க் நேரத்துக்கு நான் மாற்றியதேயில்லை.

சுவரில் இருந்ததை நாலரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன்.

“கையில கிடக்கிறதையும் மாத்தன், தம்பி.”

“அதுக்கென்ன அவசரம் அண்ணை? அவளுக்கு விசா வந்திட்டுது. வந்து இறங்கட்டும், விமான நிலையத்திலயே மாத்துறன்.”