மேம்பாலத்தில் திணறிய கார்

கார் வாங்கி ஏழு வருஷம் நான் மட்டும்தான் ஓட்டினேன். எட்டாவது வருஷம் என் மனைவி கற்றுக்கொண்டாள். சித்தையன்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதிக்கிற வேலை அவளுக்கு. திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய், செம்பட்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, பதினைந்து வருஷம் தள்ளிவிட்டாள். "இனிமே கார்லயே போய்க்கிறேங்க. போற வழியில உங்களையும் கடையில எறக்கி விட்டுர்றேன்" என்றாள். பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்தேன். அந்தப் பெருந்தன்மை இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

முதல் வாரமே ஒரு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எலி ஒயரைக் கடித்திருந்தது. ஒயரை மாற்றிய கையோடு, எங்கள் ஊரில் பலரும் செய்கிற வைத்தியத்தை நானும் செய்தேன். இரண்டு பிடி புகையிலையைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, பானெட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டேன். புகையிலைக்கு எங்கள் பக்கம் பஞ்சமா என்ன? அந்த நெடிக்கு எலி அண்டவே இல்லை. தெருவில் நாலு பேரிடம் நானே போய்ச் சொல்லி, அவர்கள் வண்டியிலும் கட்ட வைத்தேன்.

அடுத்த மாதம் கார் மந்தமாகிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தது. மூன்றாவது கியரில் அலட்டாமல் ஏறுகிற ரயில்வே மேம்பாலத்தில், இரண்டாவதுக்கு வந்தும் திணறியது. ஏசி போட்டால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. ஒட்டன்சத்திரம் போகிற வெங்காய லாரி ஒன்று, அம்புட்டு மூட்டையோடும் எங்களைத் தாண்டிப் போனது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெட்ரோலைத் திட்டி பங்க் மாற்றினேன். டயருக்குக் காற்றடித்தேன். பிளக் நான்கையும் புதிதாகப் போட்டேன். எதற்கும் மசியவில்லை. மிச்சம் இருந்தது அவள்தான்.

"எங்கிட்ட ஏழு வருஷம் ஒழுங்கா ஓடுன வண்டி. நீ எந்நேரமும் கிளட்ச்சுலயே கால வச்சிருக்க. பிளேட்டு தேஞ்சுபோச்சு."

"நான் வைக்கிறதில்லங்க."

"பெறகு எப்படி இப்படி ஆகும்?"

"எங்க லேபுல டெஸ்ட் பண்ணாம யாருக்கும் சக்கரைன்னு எழுதித் தர்றதில்லங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேம்பாலத்தில் கார் திணறியது. பின்னால் ஹார்ன் அலறியது. டேஷ்போர்டில் ஓங்கித் தட்டி, "கால எடு!" என்று கத்தினேன். அவள் கால் கிளட்ச்சில் இல்லை. தள்ளித் தரையில் இருந்தது. பார்த்துக்கொண்டேதான் கத்தினேன்.

பாலம் இறங்கியதும் அவள் வண்டியை ஓரம் கட்டினாள். சாவியை டேஷ்போர்டில் வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய் பஸ்ஸில் ஏறினாள். அதிலிருந்து மறுபடியும் பஸ்தான். வீட்டில் சோறு, வெஞ்சனம் எல்லாம் வேளைக்கு வந்தது; பேச்சு வரவில்லை. கார் என் கையிலும் திணறத்தான் செய்தது. அவள் தேய்த்துவைத்த பிளேட்டோடு வண்டி வேறு எப்படி ஓடும் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து பேகம்பூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். "கிளட்ச் பிளேட் மாத்தணும் பாய்" என்றேன். அவர் சாவியை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"கிளட்ச் போயிருந்தா, மிதிச்சா எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி போகாது. இங்க எஞ்சினே கத்தலையேண்ணே. இதுக்கு மூச்சு முட்டுது."

பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் வருகிற கறுப்புக் குழாயைத் தடவிக்கொண்டே போய், அதன் வாயில் இரண்டு விரலை விட்டு இழுத்தார். என் வேட்டித் துணி வந்தது. கயிறு தளர்ந்து இறங்கிய முடிச்சை, எஞ்சின் காற்றோடு இழுத்துக் குழாய்க்குள் சொருகிக்கொண்டிருந்தது. ஃபில்டர் முழுக்கப் புகையிலைத் தூள்.

"எலிக்கு வச்சீங்களாண்ணே? நல்ல காரியம். எலியும் வரல, காத்தும் வரல."

புது ஃபில்டர் போட்டுத் தந்தார். மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் கார் துள்ளிக்கொண்டு ஏறியது. எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று சாயங்காலம் முடிச்சை அவள் முன்னால் வைத்தேன். "கிளட்ச் இல்ல. நான் கட்டுன புகையிலைதான் காத்த அடைச்சிருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அன்னைக்குப் பாலத்துல உன் கால் கிளட்ச்சுல இல்ல. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

நான் சாவியை நீட்டினேன்.

"எனக்கு பஸ்ஸே போதுங்க. அங்க யாரும் என் கால பாக்க மாட்டாங்க."

சாவியை ஆணியில் மாட்டினேன். வெட்கமாக இருந்தது. நானும் அதைத் தொடாமல் கடைக்கு நடந்தே போனேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் அவளே சாவியை எடுத்தாள். "வாங்க, எறக்கி விட்டுர்றேன்" என்றாள். நான் ஓடிப்போய் முன்பக்கக் கதவைத் திறந்தேன்.

"பின்னாடி உக்காருங்க."

உட்கார்ந்தேன். மேம்பாலம் வந்தது. பின் சீட்டிலிருந்து பார்த்தால் ஓட்டுகிறவர் கால் தெரிவதில்லை.