வெளிச்சத்துக்குப் பிடிக்காத கோப்பை

என்னைப் பார்க்க வந்தவர்கள் என்னைவிட எங்கள் கண்ணாடி அலுமாரியைத்தான் அதிகம் பார்த்தார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தான் குடியிருப்பார். அதனால் அவருடைய அக்கா, மூத்த ராத்தா, சுவர், கிணறு, குசினி எல்லாவற்றையும் கண்ணால் அளந்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைக்கு வந்தார். நான் அறைக்குள் இருந்தேன். இருந்தேன் என்பது பொய். வாசல் சீலைக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த ஆறு கோப்பையும் ஜப்பான் என்று உம்மா சொல்லியிருந்தா. கப்பலில் வேலை செய்த அவவின் ஒரே அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, இறந்து மௌத்தாகுமுன் கொண்டுவந்து கொடுத்தவை. ராத்தா ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் இருந்த எழுத்து கழுவிக் கழுவி எப்போதோ போய்விட்டது. இது சீனம், இறக்குமதி திறந்துவிட்ட பிறகு கொழும்பில் பேமென்ட் கடையெல்லாம் இதுதான் கிடக்கிறது என்றார். கோப்பையிலேயே இப்படியென்றால் தருவதாகச் சொன்ன வயல் காணி எப்படியோ என்றும் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜப்பான் என்று காட்ட ஒரு நொடி போதும். வெறுங் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம் தெரியும். கடையில் நான் பார்த்த சீனக் கோப்பை எதிலும் அது இல்லை. ஆனால் திறந்த கதவுக்கு அப்பால் ஆண்களோடு வாப்பா இருந்தார். உருவம் உள்ள வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று, போன வருடம் கலண்டர் படத்தைக் கிழித்து, அலுமாரியில் இருந்த பொம்மையையும் உடைத்தவர். கோப்பைக்குள் முகம் இருப்பது அவருக்குத் தெரியாது. காட்டினால் ராத்தாவின் வாய் சும்மா இருக்காது, வாப்பாவின் காதுக்கு எட்டிவிடும்.

காட்டு, காட்டு என்று சீலைக்குப் பின்னால் பல்லைக் கடித்தேன். உம்மா ராத்தாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கி முந்தானையால் துடைத்துக்கொண்டே அவரிடம் சொன்னா:

"ஓம் மகள், சீனம்தான். நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

நாலாம் நாள், வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த மாப்பிள்ளையை நான் ஒருமுறை கடைத்தெருவில் கண்டிருக்கிறேன், பிடித்திருந்தது. வாப்பா லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனதும் உம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஆறு கோப்பைக்காக என்னை விட்டுக்கொடுத்தீர்களா என்று கத்தினேன்.

உம்மா அலுமாரியைப் பூட்டிக்கொண்டே சொன்னா: "ஒனக்கு வேற மாப்புள வரும் மகள். என்ட காக்கா இனி வரமாட்டார்."

அவ சொன்னது சரி. வேறு மாப்பிள்ளை வந்தார், நல்ல மனிதர். அந்தப் பதிலை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.