போறேன் என்று ஒரு வசனம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஆண்டு விழாவுக்கு டீச்சர்மாரே நாடகம் போடுவோம் என்று கிளப்பிவிட்டவள், பாளையங்கோட்டையிலிருந்து வந்த இங்கிலீஷ் டீச்சர். என் வயதுதான். எடுத்தது பழைய கிரேக்கக் கதை. அரசி வாய் திறக்காமல் அரண்மனைக்குள் போய்ச் செத்துவிடுவாள். உள்ளே நடந்ததை ஒரு சேவகன் வெளியே வந்து சொல்வான்.

"எழுதுனது ஆம்பள. அந்தக் காலத்துல பொம்பள வேஷம் கட்டுனதும் ஆம்பள. அவ சாவையும் ஆம்பளதான் வந்து சொல்லணுமா? உள்ள போகும்போது அவ ஒரு வார்த்தையாவது சொல்லட்டும்" என்றாள் இங்கிலீஷ் டீச்சர். அந்த வார்த்தை, 'போறேன்'. அரசி நான். மீசை வரைந்த டிரில் டீச்சர் சேவகன்.

ஒத்திகையில் என் வாய் 'போயிட்டு வாரேன்' என்றே சொன்னது. வாசல் தாண்டும்போது யார்தான் வெறுமனே போறேன் என்பார்கள்? "ஏட்டி, சாகப் போறவ எப்படித் திரும்பி வருவா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அக்கா அந்த வார்த்தையைச் சொன்னவள். பொங்கலுக்கு வந்துவிட்டுப் புளியங்குடி பஸ்ஸில் ஏறியதும் "போறேம்மா" என்றாள். "வாரேன்னு சொல்லுட்டி" என்று அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். அக்கா சொல்லவில்லை. அடுத்த மாதம் புருஷன் வீட்டில் செத்துப்போனாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அத்தான் வாசலில் நின்று சொன்னார். அடுப்படிக்குள் நடந்ததற்கு இன்றுவரை அவர் சொன்ன கதை மட்டும்தான் இருக்கிறது.

விழாவுக்கு அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பதில் தொங்கவிட்டிருந்த சேலையைப் பிடித்துக்கொண்டு "போறேன்" என்றேன். அன்றுதான் பிசகாமல் வந்தது.

"வாரேன்னு சொல்லுட்டி!"

அம்மாவின் குரல். யாரோ சிரித்து அடங்கினார்கள். நான் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். "உள்ளே நான் கண்டதைச் சொல்கிறேன்" என்று சேவகன் ஆரம்பித்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. சேலையை விலக்கிக்கொண்டு மேடைக்குத் திரும்பி வந்தேன். டிரில் டீச்சர் மீசையோடு ஓரமாக ஒதுங்கினாள்.

"அவரு சொல்ல வேண்டாம்மா. நான் சொல்லுதேன்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தியும் வெளியே வர வேண்டியிருக்கிறது என்பதுபோல.