சுவரில் இரண்டு தட்டு

இது நடந்தது, பிள்ளைகள். சந்தேகம் இருந்தால் லிங்கநகரில் அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது, போய்த் தொட்டுப் பாருங்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குத்தானே பக்கத்தில் ஆள் இருப்பது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, சண்டைக் காலம். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள். இந்தப் பக்கம் மாகிரட்டும் அவள் மகன் ஹெக்டரும். அந்தப் பக்கம் குணமணி, தனியாள். அவள் புருஷன் வீரக்குட்டி தோணியில் கடலுக்குப் போய் இரண்டு வருஷம். திரும்பவில்லை.

கண்ணில் புரை விழுந்து மாகிரட்டுக்கு வேதம் வாசிக்க ஏலாமல் போய்விட்டது. மாதா கோயிலில் பாக்கியரத்தினம் மாஸ்டர் வாசித்துப் பதிந்துகொடுத்த கசெற்றுகள்தான் துணை. கரண்ட் இல்லாத காலம். கசெற் பெட்டியின் பற்றரிகளைப் பகலில் வெயிலில் காயவைப்பாள். பொழுதுபட்டு ஊரடங்கு தொடங்கியதும் கசெற்றில் ஒரு பக்கம் கேட்பாள். பற்றரிக்குத் தட்டுப்பாடு என்பதால் ஒரு வீட்டுச் சத்தம்தான் இரண்டு வீட்டுக்கும். சரியாகக் கேட்காவிட்டால் குணமணி சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். மாகிரட் சத்தத்தைக் கூட்டுவாள்.

குணமணி சைவம். உனக்கு ஏனடி எங்கள் வேதம் என்று மாகிரட் சீண்டினால் சிரிக்க மாட்டாள்.

"மாஸ்டர் வாசிச்சால் வீட்டில ஒரு ஆம்பிளை இருக்கிற மாதிரி, அக்கா. சோறு கேக்காத ஆம்பிளை."

அன்றைக்கு நிலாவெளிக்குக் கரைவலை இழுக்கப் போன ஹெக்டர் கடைசி பஸ்ஸிலும் வரவில்லை. ஊரடங்கு தொடங்கிவிட்டது. வீதியில் ஆமியிடம் அகப்படும் பெடியன்களுக்கு என்ன நடக்கும் என்று மாகிரட்டுக்குத் தெரியும். கசெற்றைப் போட்டாள். ஆனால் சத்தத்தைக் குறைத்தாள். மகனின் காலடி கேட்க வேண்டுமே...

டொக். டொக்.

சுவரில் குணமணி.

இன்றைக்கு மட்டும் பொறு பிள்ளை என்று மாகிரட் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கூட்டவில்லை.

மாஸ்டர் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே நாய்கள் குரைப்பதை நிறுத்தின. எல்லா நாய்களும், ஒரே நேரத்தில்.

பிறகு கதவில் தட்டுச் சத்தம்.

"அம்மா, கதவைத் திறவுங்கோ."

ஹெக்டரின் குரல். போன உயிர் வந்தது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

யார் வந்தாலும் கிறீச்சிடும் வாசல் தகரப் படலை கிறீச்சிடவே இல்லையே...

கை நின்றது.

பின்னால் மாஸ்டரின் வாசிப்பும் நின்றது. நாடா ஓடும் இரைச்சல் மட்டும். அதற்குள்ளிருந்து, மெதுவாக, மாஸ்டரின் குரல்.

"கதவைத் திறவாதேங்கோ."

வெளியே மறுபடியும்...

"அம்மா..."

ஹெக்டர் அவளை மம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

காலடி நகர்ந்தது. ஈரக் காலடி. சளக்... சளக்... சுவரோரமாக.

அடுத்த கதவைத் தட்டியது.

மாகிரட்டின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

சுவருக்கு அப்பால் குணமணி சிரித்தாள்.

"வந்திட்டீங்களோ..."

தாழ்ப்பாள் விலகியது.

விடிந்ததும் ஹெக்டர் வந்தான். பஸ்ஸைத் தவறவிட்டு மாமனின் கடற்கரை வாடியில் படுத்தவனாம். குணமணியின் கதவு திறந்து கிடந்தது. குசினியில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டிருந்தது. ஒன்றில் கை வைக்கவில்லை. மற்றது வழித்துத் துடைத்துக் கிடந்தது. அவளைக் காணவில்லை. ஆமியின் ஒரு முகாமிலும் அவள் பெயர் இல்லை.

மாகிரட் கசெற்றைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வாசிப்பு ஓரிடத்திலும் நிற்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கசெற்றில இந்தப் பக்கத்தைப் பதியேக்குள்ள கோயில் அறைக் கதவு தட்டிக் கேட்டது. என்ர மனுசின்ர குரல். அவ செத்து அப்ப ஒரு வருஷம். பதிஞ்சுகொண்டிருந்த இக்னேசியசிட்டச் சொன்னனான், கதவைத் திறவாதேங்கோ எண்டு. பிறகு அதை அழிச்சுப்போட்டுத்தான் திருப்பி வாசிச்சனான்."

கசெற்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப, குணமணிக்கு ஏன் கேக்கேல்லை?"

மாகிரட் கசெற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று மாலை சத்தத்தை முழுதாகக் கூட்டிப் போட்டாள். தெருவுக்கே கேட்டது. ஆளில்லாத அந்தப் பக்கத்திலிருந்து...

டொக். டொக்.