சொல்லாமல் விட்டவர்கள்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கோத்தகிரியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபைக்கு வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒருவர் வந்தபோது, அவர் பேசுவதை வரிக்கு வரி தமிழில் சொல்லும் வேலையைப் போதகர் என்னிடம் கொடுத்தார்.

சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கப்பல், ரயில், முகாம் என்று அலைக்கழிந்து வந்தவர்களுக்கு முதலில் கம்பளி கொடுப்போம். பிறகு கூட்டம் நடத்துவோம். கம்பளி வாங்கியவர்கள் எழுந்து போகத் தயங்குவார்கள் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த ஞாயிறு மதியம் தூறிக்கொண்டிருந்தது. இலை நிறுக்கும் கொட்டகையில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இயேசுவின் பெயரை ஒருமுறைகூடக் கேட்காமல் செத்தவர்களும் நரகத்துக்குத்தான் போவார்கள் என்றார் பிரசங்கியார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். அதற்கு முன் நான்கு குடியிருப்புகளில் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தேன். நாக்கு கூசியதில்லை.

முன்வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்தார். கொழுந்து பறிப்பவர்.

"டீச்சரம்மா, அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க அம்மா அங்கேயே செத்துப்போச்சு. நாங்க இருந்த தோட்டத்துல வெள்ளக்காரத் தொரைமாருக்குன்னு ஒரு சர்ச்சு இருந்துச்சு. இருபது வருசம் அம்மாதான் அதைக் கூட்டித் தொடைச்சது. ஞாயித்துக்கெழம தொரைமாரு வர்றதுக்கு முந்தி வெளிய வந்துறணும். உள்ள என்ன பேசுறாங்கன்னு அதுக்குத் தெரியாது. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப அம்மா நரகத்துலயா இருக்கு?"

ஆங்கிலத்தில் சொன்னேன். வருத்தமான விஷயம்தான், ஆனால் வேதவசனம் மாறாது என்றார் அவர். அதைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப, சொல்லாம விட்ட தொரைமாரு எங்க இருக்காங்க?"

அதையும் சொன்னேன். அவர்கள் விசுவாசித்தவர்கள், ஆகவே பரலோகத்தில் இருப்பார்கள் என்றார். இதற்காகத்தான் நாம் அவசரமாக வந்திருக்கிறோம், இன்றைக்கே முடிவெடுக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல் என்றார்.

"இதை நான் சொல்ல மாட்டேன்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டேன். போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிக் கூட்டத்தை முடித்தார்.

திரும்பும்போது ஜீப்பில் போதகர் கேட்டார்: "ஏனுங்கம்மா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? அவரு எத்தனை தூரத்துல இருந்து வந்திருக்கறாரு."

"அந்தம்மாவோட அம்மா சர்ச்சுக்குள்ளயே இருந்தாங்களே ஐயா. அவங்களுக்குச் சொல்ல எத்தனை தூரமுங்க?"

"வேதத்துல இருக்கறதைத்தானுங்க அவரு சொன்னாரு."

"கூட்டறவளுக்கு மட்டும் சொல்லாதீங்கன்னு எந்த வேதத்துலங்க இருக்குது?"



அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், அன்று நான் மறைத்த பதிலைச் சொன்னேன். பாலில்லாத பிளேன்டீ போட்டுக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டார்.

"நீங்க வாய மூடுனப்பவே தெரிஞ்சுது டீச்சரம்மா. அம்மாவ விட்டுட்டு நான் மட்டும் அங்க போயி என்ன பண்ண?" என்றவர், "கம்பளியைத் திருப்பிக் குடுக்கணுங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஒரு கம்பளிக்கு இவ்வளவு விலை வைத்திருந்தோம் நாங்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னது சபை. நான் எழுதவில்லை. குன்னூரிலிருந்து வேறொருவரை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார்கள். அவர் எந்த வாக்கியத்திலும் தடுமாறவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் விசுவாசத்தை விடவில்லை. ஆனால் நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காதவர்களுக்கு மோட்சம், கேட்க வழியில்லாதவளுக்கு நெருப்பு என்றால், அது தேவனுடைய கணக்காக இருக்க முடியாது. தொரைமார் போட்ட கணக்கு அது. இன்றும் பிரசங்கத்தில் அந்த வாக்கியம் வந்தால், முழங்கால் வலியோடு எழுந்து வெளியே போய்விடுகிறேன்.