சம்பந்தி கண்ணில் பட்ட பீரங்கி வண்டி

எங்கள் சம்பந்தி நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. கமுதிப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்ததிலிருந்து எங்களுக்குள் ஒரு கடுஞ்சொல் கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு வந்தால் எதையாவது பார்த்து, "நல்லா இருக்கே" என்று சொல்லிவிடுவார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பெண் வீட்டுப் பொருளைப் பார்த்து அப்படிச் சொன்னால், பெண்ணைப் பெற்றவன் "எடுத்துட்டுப் போங்க சம்பந்தி" என்று சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பங்களில் அதுதான் முறை. அவர் வேண்டாம் என்பார். இவன் மறுபடி சொல்வான். அவர் மறுபடி வேண்டாம் என்பார். மூன்றாம் முறை சொன்ன பிறகும் வேண்டாம் என்றால் அது மனக்கசப்பு. ஆகவே எடுத்துக்கொள்வார். இந்த வகையில் எங்கள் வீட்டிலிருந்து கமுதிக்குப் போனவை: சாய்வு நாற்காலி ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, மேசை விசிறி ஒன்று, பித்தளைக் குடம் இரண்டு, மீன் தொட்டி ஒன்று. தொட்டியில் மீன் ஏழு. அதில் ஐந்து உயிரோடு கமுதியை அடைந்தன.

ஆகையால், "மாமா ஞாயித்துக்கெழம அங்க வாராங்கப்பா" என்று மகள் போனில் சொன்னதும் வீட்டுப் பொருள்களை ஒரு சுற்றுக் கணக்கெடுத்தேன். வீட்டில் மிச்சம் இருந்த ஒரே நல்ல பொருள் என் பீரங்கி வண்டி.

பீரங்கி வண்டி என்றால் முழங்கை நீளத்துக்கு ஒரு மாதிரி வண்டி. ரேடியோவால் ஓட்டுவது. உண்மையில் நான் முதலில் வாங்கியது விமானம். புள்ளிவிவர அலுவலகத்தில் கடைசிவரை மற்றவர்களின் ஆடு மாடுகளைக் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன், எனக்கென்று ஒன்று பறக்கட்டுமே என்று வாங்கினேன். இந்தக் கடற்கரைக் காற்று அதை முதல் முறையிலேயே கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. இறக்கையில் பாதிதான் கிடைத்தது. ஆனால் அதை ஓட்ட என் கையில் இருந்த டிரான்ஸ்மிட்டர் புத்தம் புதிது. இரண்டு குச்சி, ஆறு சேனல், நான்கு சுவிட்ச். அதை வீணாக்க மனமில்லாமல், காற்று தூக்கிப்போக முடியாத ஒன்றாகத் தேடி இந்த வண்டியை வாங்கினேன். அதன் சொந்த ரிமோட்டை ஒதுக்கிவிட்டு, டிரான்ஸ்மிட்டர் சொல்வதைக் கேட்டு நடத்துகிற ரிசீவர் விமானத்துக்கென்று வாங்கிய இரண்டில் ஒன்று மிச்சமிருந்ததை உள்ளே வைத்தேன்.

அதில்தான் ஒரு தவறு நடந்தது. ரேடியோத் தொடர்பு அறுந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இடதுபக்கக் குச்சியைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு அதைப் பதிவு செய்யும்படி விமானத்தின் விளக்கப் புத்தகம் சொன்னது. அப்படியே செய்தேன். விமானத்தில் குச்சி கீழே இருந்தால் எஞ்சின் நிற்கும். பீரங்கி வண்டியோ குச்சி நடுவில் இருந்தால்தான் நிற்கும். கீழே இருந்தால் முழு வேகத்தில் பின்னால் போகும். டிரான்ஸ்மிட்டரை நான் முதன்முதலாக அணைத்தபோது வண்டி பின்பக்கமாகவே அடுப்படிக்குள் புகுந்து வெங்காயக் கூடையைச் சாய்த்தது.

ரிசீவரைப் பிரித்து, மறுபடி இணைத்துப் பதிவு செய்தால் சரியாகிவிடும். ஆனால் ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரித்துவிட்டு மறுபடி சேராமல் போனால்? ஆகவே முதலில் வண்டியை அணைப்பது, பிறகு டிரான்ஸ்மிட்டரை அணைப்பது என்று பழகிக்கொண்டேன்.

சம்பந்தி வருவதற்கு முன் இரண்டையும் தலையணை உறைக்குள் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

வந்தார். ஒரு சாக்கு குண்டு மிளகாய், ஒரு கேன் தண்ணீர். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால் தண்ணீரைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நல்லா இருக்கே என்று சொல்ல எதுவும் அகப்படாமல், "காப்பி நல்லா இருக்கு தங்கச்சி" என்று என் மனைவியிடம் சொன்னார். காப்பி போனால் போகட்டும் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போது அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பீப், பீப் என்று சத்தம் வந்தது. அவசரத்தில் டிரான்ஸ்மிட்டரை அணைக்காமல் உறைக்குள் போட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் யாரும் தொடாவிட்டால் அது கூப்பிடும்.

"என்ன சம்பந்தி, அடுப்படிக்குள்ள குருவி கத்துது?"

"குருவி இல்ல, என் போனு" என்றேன்.

"போனு ஒங்க சட்டப் பையிலல்ல இருக்கு?"

என் மனைவி அடுப்படியிலிருந்து, "எடுத்துக் காட்டுங்க. சம்பந்திகிட்டப் போயி ஒளிச்சு வச்சாங்கன்னு பேரு வேணுமாக்கும்" என்றாள்.

எடுத்தேன். எடுத்த கையோடு, அவர் வாயைத் திறப்பதற்குள் குறைகளை அடுக்க ஆரம்பித்தேன். சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற இடதுபக்கச் சங்கிலிப் பட்டையில் எழுபத்தொன்பது கண்ணி, வலதுபக்கம் எழுபத்தெட்டு, நேராக ஓடாது. பீரங்கி சுடாது. மூன்று இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. அவர் எதையும் காதில் வாங்கவில்லை. வண்டியின் பல் சக்கரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "மணல்ல ஓடுமா?" என்று கேட்டார்.

ஆட்டோ பிடித்து மூன்று பேரும் உச்சிப்புளி தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். என் மனைவி புளியோதரை கட்டிக்கொண்டாள். சம்பந்தி தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டார். கரையில் நாலு பேர் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை மணலில் இறக்கியதும் ஒருவர் கேட்டார்: "பெரியவரே, எந்த நாட்டு மேல படையெடுப்பு?"

"மொதல்ல ஒங்க வலைமேலதான். ஓரமா இழுத்துக்கங்கய்யா" என்றார் சம்பந்தி. அதற்குள் அது அவருடைய படையாகிவிட்டது.

டிரான்ஸ்மிட்டரை அவர் கையில் கொடுத்தேன். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மணல் மேட்டில் ஏற்றினார், இறக்கினார், ஒரு நண்டைத் துரத்தினார். நான் ஒரு மாதம் பழகியும் வராத திருப்பம் அவருக்கு அங்கேயே வந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த இரண்டு வார்த்தை வந்துவிடும் என்று தெரிந்தது. உடனே ஒரு யோசனை செய்தேன். இது ஆபத்தான வண்டி என்று காட்டிவிட்டால் ஆசை விட்டுப்போகும்.

"இங்கன குடுங்க சம்பந்தி. இதுல இருக்கிற பெரிய கோளாறப் பாருங்க" என்று வாங்கி டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன்.

வண்டிக்கு நேர் பின்னால் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதில் போய் முட்டி நிற்கும் என்பது என் கணக்கு. அந்த ஒற்றைக் கண்ணி வித்தியாசத்தை மறந்துவிட்டேன். வண்டி பின்னால் பாய்ந்து, வளைந்து, வள்ளத்தைச் சுற்றிக்கொண்டு நேரே கடலைப் பார்த்துப் போனது.

"அட, ரிவர்ஸ்லயும் போகுதே! என்னா அறிவு!" என்றார் சம்பந்தி.

டிரான்ஸ்மிட்டரை மறுபடி போட்டேன். இந்த டிரான்ஸ்மிட்டர் இடதுபக்கக் குச்சி கீழே இருந்தால்தான் வேலையைத் தொடங்கும்; இல்லாவிட்டால் கத்தும். கத்தியது. குச்சியைக் கீழே இழுத்தேன். கத்தல் நின்றது, தொடர்பும் வந்தது. குச்சி கீழே இருக்கிறதல்லவா, வண்டி என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு முழு வேகத்தில் பின்னாலேயே போய் அலைக்குள் இறங்கியது.

"ஐயோ, என் வண்டி!" என்று கத்தினேன்.

சம்பந்தி வேட்டியை மடித்துக்கட்டக்கூட நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஓர் அலையை வாங்கிக்கொண்டு, குனிந்து தூக்கிவிட்டார். பதற்றத்தில் நான் குச்சியைக் கீழேயே பிடித்திருந்ததால் பட்டைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டுக்குட்டியைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "துள்ளுது சம்பந்தி, துள்ளுது!" என்றார்.

"சுவிட்சு அடியில! கவுத்துப் பிடிங்க! தண்ணிய வடிங்க! அப்படி இல்ல!" மகளைக் கொடுத்த இடத்தில் நான் அதட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. வலைக்காரர்கள் சிரித்துச் சிரித்து வேலையை விட்டுவிட்டார்கள்.

மணலில் என் மனைவியின் பையை விரித்து, கையோடு கொண்டுவந்த திருப்புளியால் வண்டியின் திருகாணிகளைக் கழற்றினேன். பதினான்கு. சம்பந்தி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். "உப்புத் தண்ணி. நல்ல தண்ணியில அலசலேன்னா துருப்பிடிச்சிரும்" என்றேன். அவர் கமுதியிலிருந்து கொண்டுவந்த கேனைத் திறந்து முழுவதையும் ஊற்றினார். வெயிலில் காயவைத்துவிட்டுப் புளியோதரை சாப்பிட்டோம். குடிக்க மூன்று பேருக்கும் தண்ணீர் இல்லை. பிறகு வண்டியை மூடி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது.

"நல்லா..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படக்கூடாது. இத எடுத்துட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க. சம்பந்தி வீட்டச் சொரண்டிக்கிட்டு வாரீகளேன்னு வீட்டுல பேச்சுத் தாங்க முடியல. நான் சும்மா ஒரு இதுக்கு நல்லா இருக்குன்னு சொல்லுவேன். வேணாமுன்னா ஒங்க மனசு நோகுமேன்னு தூக்கிட்டுப் போவேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு கவளம் விழுங்குகிற நேரம் இருந்தது. அப்புறம் உள்ளே என்னவோ செய்தது. நாற்காலியை எடுத்துப் போனார். ஓடாத கடிகாரத்தை எடுத்துப் போனார். ஏழு மீனை எடுத்துப் போனார். என் வண்டி மட்டும் வேண்டாமாம்.

"ஏன், இதுக்கென்ன கொறச்சல்?" என்றேன்.

"கொறச்சலே இல்ல. தங்கமான வண்டி."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

"வேணாம் சம்பந்தி."

"கடல்ல விழுந்ததுன்னு பாக்குறீகளா? எடுத்துட்டுப் போங்க."

"அய்யய்யோ, வேணாம்."

என் மனைவி டிபன் கேரியரை மூடாமல் என்னையே பார்த்தாள். எனக்குத் தெரிந்தது, நாக்குக்குத் தெரியவில்லை. "எடுத்துட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டது.

மூன்று. சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். "சரி சம்பந்தி. ஒங்க மனசு நோகக்கூடாது."

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக வண்டியை உள்ளே கொடுத்தேன். டிரான்ஸ்மிட்டரையும் கொடுத்தேன். வண்டியை முதலில் அணைக்கச் சொல்லி மூன்று தடவை சொன்னேன். பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பையில் சார்ஜர் இருக்கிறது. அந்த முனை வேறு எந்தச் சார்ஜரிலும் கிடையாது.

"மறந்துட்டேன்" என்றேன்.

"மறந்தீங்களாக்கும்" என்றாள் மனைவி.

இரண்டாம் நாள் போன் வந்தது. "சம்பந்தி, வண்டி மூச்சு விட மாட்டேங்குது. சார்ஜரு அங்கனயா இருக்கு? பஸ்ஸுல குடுத்துவிடுங்களேன்."

"பஸ்ஸுல போட்டாத் தொலஞ்சு போகும். நீங்க வண்டியத் தூக்கிக்கிட்டு வாங்க. அலையில்லாத பக்கமாப் பாத்து ஓட்டுவோம்."

"அப்ப ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார். ரொம்பச் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார். பிறகு, "இதுக்குன்னு கண்டக்டரு லக்கேஜு டிக்கெட்டுப் போடுவானா?" என்று கேட்டார்.

மடியில் வைத்துக்கொண்டால் போடமாட்டான் என்றேன்.