அக்கா பேரில் என் பிரசவம்

அமராவதித் தண்ணீர் பாயும் கொமரலிங்கத்தில், கூலிக்கு நாற்று நட்ட தாய் தகப்பனுக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அவருக்கு ஐந்து வருடம் பின்னால் நான். அக்கா எங்களை விட்டுப் போய் வருகிற வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது. நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அக்காவின் மகள் வந்து கேட்டாள். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுதப் பத்து நாள் ஆயிற்று. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்தட்டும். விஷயத்தை யாரும் திருத்த வேண்டாம்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது எங்கள் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதற்கு அடுத்த வருடம் அப்பா எங்கள் இருவரையும் திருப்பூருக்குக் கூட்டி வந்தார். அக்கா பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தார். டைலர் தைத்துப் போடுவதை மடித்து அடுக்குகிற வேலை. இரண்டே வருடத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் மட்டும் உட்கார்ந்த வரிசையில் முதல் பெண் அக்காதான். எனக்குத் தலை வாரிவிட்டது, நான் வயதுக்கு வந்தபோது குச்சு கட்டி உட்கார வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அக்கா. ஒரு நாளும் எனக்குப் போடாமல் அவர் சாப்பிட்டதில்லை. இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு, நன்றி கெட்டவள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

அக்காவை ஊத்துக்குளிப் பக்கம் கொடுத்தது, குடித்தனம் திருப்பூரில்தான். மாமா நல்ல மனுசர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். எட்டு வருடம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்காவின் மாமியார் விசேஷ வீடுகளில் அக்காவை முன்னால் நிற்கவிடமாட்டார். அக்கா அதை என்னிடம் சொல்லி அழுததில்லை. பந்தி பரிமாறுகிற இடத்தில் போய் நின்றுகொள்வார்.

இப்போது சொல்கிறேன். அக்காவின் மகள் என்று நீங்கள் அறிந்தவளை வயிற்றில் சுமந்து பெற்றவள் நான். அவள் என்னுடைய இரண்டாவது குழந்தை. உங்களில் நாலைந்து பேருக்கு இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி என் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனீர்கள். மீதிப் பேரும் தெரிந்துகொள்ளட்டும்.

என் முதல் பிரசவம் அக்கா வீட்டில் நடந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் பார்க்க வேண்டும், எனக்கு அக்கா வீடுதான் பிறந்த வீடு. மகன் பிறந்தான். ஆனால் நஞ்சுக்கொடி விழாமல் ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய காரியம். பிரசவம் பார்த்த நர்ஸம்மா, இனியொன்று உண்டானால் ரத்தம் ஏற்றுகிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது உண்டானேன். இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டுப் பொறுப்பு. என் மாமியாரோ, நாங்களெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயா பெத்தோம் என்று முடித்துவிட்டார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நான் வேலை செய்த இடம் ஒரு தகர ஷெட்டு. தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிர் வெட்டுகிற வேலை. தொழிலாளிக்கு இனாமாக வைத்தியம் பார்க்கிற அரசாங்க அட்டையெல்லாம் அங்கே கிடையாது. அக்காவின் கம்பெனி பெரியது, அக்காவிடம் அட்டை இருந்தது. அட்டைக்காரர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி. அந்தக் காலத்து அட்டையில் போட்டோ இல்லை.

அக்கா அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். என்ற பேரச் சொல்லிப் படுத்துக்க கண்ணு, உசுருதான் முக்கியம் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியும் ஊரில் இருந்தது. அங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், நீ தாங்கமாட்டாய் என்றார் அக்கா. நானும் பயந்தவள், சரியென்று விட்டேன். அங்கேயே போய்க் கட்டிலுக்கடியில் படுத்துப் பெற்றிருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் நினைக்காத நாள் இல்லை.

ஐந்து மாதம் அக்கா பேருக்கு நான் எழுந்து நின்றேன். வரிசையில் உட்கார்ந்திருப்பேன், அக்கா பேரைக் கூப்பிடுவார்கள், நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பேன். பக்கத்திலிருந்து அக்கா இடிப்பார். அட்டைப்படி புருஷன் பேர் மாமா பேர். அட்டைப்படி இதுதான் முதல் பிரசவம். அக்காவுக்குக் குழந்தை இல்லையே. அதனால் முந்தின பிரசவத்தில் ரத்தம் போனதைச் சொல்ல முடியவில்லை. எதற்குப் பயந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோமோ, அதையே அங்கே மறைத்தோம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பாருங்கள்.

விடியற்காலை வலி கண்டது. வலியென்றால் இடுப்பெலும்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி. பெரிய பையனுக்குக்கூட அப்படி இல்லை. நர்ஸம்மா அக்கா பேரைச் சொல்லி முக்கு முக்கு என்கிறார். என் காதில் ஏறவில்லை. வலியில பேரு கூட மறந்து போச்சா உனக்கு என்று அவர் சத்தம் போட, அந்த அறையே சிரித்தது. நான் அம்மா என்று கத்தினேன். அம்மா என்ற பேருக்கு அட்டை வேண்டியதில்லை.

மத்தியானம் குழந்தை விழுந்தது. பெண். ஒரு தரம் முகம் காட்டினார்கள், நெற்றி நிறைய முடி. அடுத்து ரத்தம் ஆரம்பித்தது. முதல் பிரசவக்காரிக்கு இப்படி ஆகிறதே என்று நர்ஸம்மா டாக்டரம்மாவைப் பார்க்கிறார். அக்கா வாசற்படியில் நின்றவர் உள்ளே வந்துவிட்டார்.

"போன தடவையும் இவளுக்கு இப்படித்தானுங்க, கொடி உள்ளயே நின்னுக்கிச்சுங்க."

"போன தடவையா?"

"ஆமாங்க. போன தடவைதானுங்க."

அட்டை பிடிபட்டால் அக்காவின் வேலை போயிருக்கும். அது தெரிந்துதான் சொன்னார். டாக்டரம்மா அக்காவை ஒரு பார்வை பார்த்தார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஊசி போட்டார்கள், கை விட்டு எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். நான் இன்று உட்கார்ந்து எழுதுவது அக்கா வாய் திறந்ததால். அந்த உயிர்க்கடன் என் தலையில் இருந்ததால்தான் பிறகு என் வாய் அடைத்துப் போயிற்று.

இரண்டாம் நாள். அக்கா கம்பெனியில் தனக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொல்லி லீவில் இருந்தார். பேக்கிங்கில் வேலை செய்கிற ஒருத்தி தன் குழந்தைக்குக் காய்ச்சலென்று அதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். பலகையில் அக்கா பேரைப் பார்த்திருக்கிறாள், பேருக்கு நேராகப் பெண் குழந்தை என்று எழுதியிருந்ததாம். சாயங்காலம் மூன்று பேர் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு படியேறி வருவதை அக்கா ஜன்னலில் பார்த்துவிட்டார். எந்திரி கண்ணு, சித்த நேரம் எந்திரி என்று என்னைக் கட்டிலைவிட்டு இறக்கினார். அவர் படுத்துப் போர்த்திக்கொண்டார். குழந்தை அவர் பக்கத்தில். நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு நிற்கத் தெம்பில்லை, உதிரம் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, பக்கத்து மெஷின்ல உக்காந்துட்டு எங்ககிட்ட அம்மைன்னுட்டீங்களே."

"எட்டு வருசம் கழிச்சு வந்ததுங்க. ஊர்க்கண்ணு பட்டுரும்னு மறைச்சிருப்பாங்க."

"இவங்க உடம்பு வாகுக்கு ரெட்டைப் புள்ளையே இருந்தாலும் வெளிய தெரியாதுங்க."

சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அதில் ஒருத்தி என்னைக் காட்டி, தங்கச்சிங்களா, பெத்தவங்க தெம்பா இருக்கறாங்க, பாத்துக்கறவங்க வெளுத்துப் போயிட்டாங்களே என்றாள். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி அவர்களுக்கு நான்தான் கொடுத்தேன்.

குழந்தை அழுதது. பசியழுகை. எனக்கு மார் கட்டி ஜாக்கெட் நனைகிறது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அக்கா குழந்தையைத் தன் மார்போடு அணைத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அது தேடித் தேடி, கிடைக்காமல், வீறிட்டது. பால் இன்னும் எறங்கலைங்க என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். பூண்டு சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

போன பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கறன் கண்ணு."

"சரிங்க அக்கா."

என் வாழ்க்கையில் நான் செய்த தப்பு அந்தச் சரிங்கதான்.

கம்பெனிக்குத் தெரிந்த சேதி ஊத்துக்குளிக்குப் போக நாலு நாள் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் அக்கா வீட்டுக்கு வந்திருந்தோம், அங்கே அக்காவின் மாமியார் தூக்குப்போசி நிறைய வெண்ணெயோடு பஸ் ஏறி வந்துவிட்டார். எட்டு வருடமாக அக்காவை முகம் கொடுத்துப் பார்க்காத அம்மாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என்ற பையன் மூக்கு அப்படியே இருக்குது என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய், இந்தம்மா ஊருக்குப் போற மட்டும் பொறுத்துக்க என்றார். ஒரு மாதம் பொறுத்தேன். அந்தம்மாள் போகவில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே, நமக்குப் பையன் இருக்கறான், பொட்டப்புள்ளதான, அங்கயே வளரட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

ஏழு மாதம் பால் கொடுத்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், சாப்பாட்டு மணிக்கு ஓடி ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அந்தம்மாளிடம், தங்கச்சிக்குப் பிறந்தது தங்கவில்லை, அக்காவுக்கோ பால் வற்றிவிட்டது, அதனால் தங்கச்சி கொடுக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எட்டாம் மாதம் ஒரு மத்தியானம் போனேன். இப்பத்தான் புட்டிப்பால் குடிச்சுட்டுத் தூங்குது கண்ணு, நீ எதுக்கு வெயில்ல வரே என்றார் அக்கா. கட்டிங் வேஸ்ட் துணியை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு பிசிர் வெட்டினேன். பத்து நாளில் பால் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வருடம் ஒரே ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டேன். சின்னவள இப்பவாச்சும் கூட்டிட்டுப் போறனுங்க அக்கா என்றேன். அக்கா பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து என் கையில் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாயார் பேர் அக்கா பேர்.

"காயிதம் இப்படி இருக்குது கண்ணு."

"அது நம்ம ரெண்டு பேரும் சேந்து சொன்ன பொய்யிங்க அக்கா."

"பொய்யாவே இருக்கட்டும். நீ போயி நெசத்தச் சொன்னா, கட்டில்ல படுத்திருந்தவள நாளைக்கு ஆரு மதிப்பாங்க?"

அந்த நேரம் சின்னவள் ஓடி வந்து, என்னைப் பார்த்ததும் அக்காவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது.

அக்கா அவளைக் குறையில்லாமல் வளர்த்தார். மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போன பிறகும் ஓவர்டைம் பார்த்துக் காலேஜ் படிக்க வைத்தார். இன்றைக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிறாள், ஏசி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறாள். உங்கிட்ட இருந்திருந்தா பிசிர் வெட்டத்தான் போயிருப்பா என்று சொந்தத்தில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். போயிருக்கலாம். என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே போயிருப்பாள். அவள் கல்யாணத்தில் நான் சின்னம்மா. அவள் தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தபோது பத்தியச் சமையலுக்கு வந்த சின்னம்மா. பிரசவ அறைக்குள் அக்கா போனார். நான் வெளியே சுடுதண்ணீர் பிளாஸ்க்கோடு நின்றேன்.

கடைசி ஆறு மாதம் அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப் போக வேண்டும். ஒரு தரம் சின்னவளும் மறு தரம் நானுமாகப் போனோம். ஒரு பகலில், வீட்டில் நானும் அக்காவும் மட்டும் இருக்கிறபோது, கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்டச் சொல்லீரட்டுமா கண்ணு?"

"உங்க இஷ்டமுங்க அக்கா."

சின்னவள் கஞ்சி டம்ளரோடு உள்ளே வந்தாள். அக்கா அவளை வெகுநேரம் பார்த்தார். நான் என் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னம்மாளுக்கும் ஒரு டம்ளர் கொண்டா சாமி என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதினோராம் நாள் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்ததா என்றால், அந்தக் கஞ்சியை நான் குடிக்கவில்லை, அது மட்டும் தெரியும்.

அக்காவின் உடம்பு முடியாத நாளில் சலிக்காமல் ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஊசி போட்ட தாதிப் பெண்களுக்கும், தூக்கிப்போட வந்த கம்பெனிக்காரர்களுக்கும், காரியத்துக்கு ஊர் ஊராக வந்து நின்ற உறவுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எனக்குத் தாயாக இருந்து, என் உயிரைக் காப்பாற்றிய அக்காவின் ஆத்மா அமைதி அடையட்டும்.

இந்த இடம் வரைக்கும் எழுதி, அச்சாபீசுக்குக் கொடுக்காமல் நேரே சின்னவளிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் உங்களுக்குத் தெரிவது முறையில்லை. வேண்டாமென்றால் கிழித்துவிடு என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாத் தாளையும் படித்தாள். சில இடத்தில் என் எழுத்துப் புரியாமல் திரும்பப் படித்தாள். அழவில்லை, என்னை மாதிரிதான். படித்து முடித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தனை நேரம் வலிச்சுதுங்க?"

விடியக்காலம் பிடித்து மத்தியானம் வரைக்கும் என்றேன். முப்பத்தி நாலு வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கிப் பையில் வைத்தாள்.

"அச்சுக்குக் குடுத்தர்றனுங்க, சின்னம்மா."

அப்படியே கூப்பிடட்டும். மலரின் முதல் பக்கத்தில் மகள் என்று இருக்கிற இடத்தில் அவள் பேரும், தங்கை என்று இருக்கிற இடத்தில் என் பேரும் இருக்கட்டும், மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கடைசித் தாளை வீட்டுக்கு வந்து எழுதிச் சேர்க்கிறேன். அந்த வலியை மட்டும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை